முப்பது முறை

எங்கள் பேட்டைக்குச் சூப் நகரம் என்று பெயர்.
பட்டாணித் தெரு, அவரைத் தெரு, உருளைக்கிழங்குத் தெரு.
தார்த்துவுக்கு வருகிறவர்கள் பெயர்ப்பலகையோடு படம் எடுத்துக்கொள்வார்கள்.
நான் முலாம்பழத் தெரு, மாடி வீடு.
தரை பலகை, சுவர் பலகை, கூரையும் பலகை.
நூறு வருஷம் காய்ந்த மரம்.

அதற்குள்தான் தினமும் சாயங்காலம்
என் கையாலேயே நெருப்பு வைக்கிறேன்:
அடுப்பில் ஏழு பிர்ச் கட்டை.
வெளியே பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டு.
அதற்கு ஒருநாளும் பயந்ததில்லை.
பயமெல்லாம்
கட்டைவிரல் அகலத்தில் ஒரு பிளக்கின் மேல்.

பொம்மைப் படமொன்றுக்குப் பனி செய்து கொடுப்பது என் பிழைப்பு.
சன்னலுக்கு அந்தப் பக்கம் சும்மா கொட்டுகிறது.
இந்தப் பக்கம் ஒரு ஃபிரேமுக்கு ஒன்பது நிமிடம்.
என் பழைய கார்டு
படியேறும் பருமனான மனிதரைப் போல இரைக்கும்.
புதியதில் ஐம்பது நொடி என்றார்கள்.
மூன்று மாத வாடகையைக் கொடுத்து வாங்கினேன்.
பிடிக்காவிட்டால் திருப்பித்தரப் பதினாலு நாள்.

மூன்றாம் நாள் பியார்னுவிலிருந்து
ராய்வோ ஒரு படம் அனுப்பினான்.
அவனுடைய கேபிள்.
ஓரத்துத் துளை மட்டும் கறுத்து,
பிளாஸ்டிக் இளகி, பல் பிடுங்கிய ஈறு மாதிரி.
கீழே ஒரே வரி: ‘சரியாத்தான் செருகினேன்.’
எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள்.
விவாகரத்தின்போது
நாங்கள் இருவரும்கூட அதைத்தான் சொன்னோம்.

கணக்கு எளிது.
அறுநூறு வாட். பன்னிரண்டு வோல்ட். ஐம்பது ஆம்ப்.
ஆறு கம்பிகள் சமமாய்ப் பகிர்ந்துகொள்ளும் என்பது ஏற்பாடு.
ஒன்று சுணங்கினால்
பக்கத்துக் கம்பி வாய்திறக்காமல் சுமக்கும்.
சுமந்து சுமந்து சிவக்கும்.

‘டக்’ என்று சத்தம் கேட்கும்வரை அழுத்தவும்
என்கிறது கையேடு.
அழுத்தினேன். அந்த நேரம் பார்த்து ஃபிரிட்ஜ் உறுமியது.
கேட்டதா?
கழற்றினேன். திரும்பச் செருகினேன்.
டார்ச் அடித்துப் பார்த்தேன், கழற்றினேன்.
அப்புறம்தான் பொடி எழுத்தைப் படித்தேன்:
முப்பது முறைக்குமேல் செருகிக் கழற்றினால்
பிடி தளர்ந்துவிடுமாம்.
சந்தேகத்துக்கும் ஒரு கொள்ளளவு வைத்திருக்கிறார்கள்.
நான் பதினொன்றைச் செலவழித்திருந்தேன்.

புகைபோக்கி துடைக்க வந்த மைரித்திடம்
மேசைக்கடியில் இதையும் ஒரு தடவை பாரேன் என்றேன்.
கரி படிந்த கையோடு குனிந்து பார்த்தாள்.
‘புகையும் கரியும்தான் என் கணக்கு.
இது என் சான்றிதழில் வராது.
கீழே யார் இருக்காங்க?’

கீழே ஹெல்வே.
ஆஸ்பத்திரியில் இரவுப் பணி.
பகலெல்லாம் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு
என் மேசைக்கு நேர் கீழே தூங்குகிறாள்.

பகலில் ஓட்டவில்லை. இரவில் மட்டும் ஓட்டினேன்.
சக்தியை எழுபது விழுக்காட்டுக்குக் குறைத்து,
பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி வைத்து,
காய்ச்சல் பிள்ளையைத் தொட்டுப் பார்ப்பதுபோலக்
கேபிளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தபடி.
பனி பிரமாதமாக விழுந்தது. அதைச் சொல்லத்தான் வேண்டும்.
ஐம்பது நொடிகூட இல்லை.

பன்னிரண்டாம் இரவு, மூன்று மணிக்கு
ஏதோ தீய்கிற வாசம்.
செருப்பில்லாமல் படியில் ஓடினேன்,
ஹெல்வேயின் கதவை இரண்டு கையாலும் தட்டினேன்.
அன்று அவளுக்கு விடுப்பாம்.
தூக்கம் வராமல், வளையமாய் அரிந்த ஆப்பிளை
அடுப்பின்மேல் உலர்த்திக்கொண்டிருந்தாள்.
நாலைந்து கருகிவிட்டது.
என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு
ஒரு வளையம் நீட்டினாள்.
நின்றபடியே தின்றேன். ஓரம் கசந்தது.

வேகம் என்று சொல்லி விற்றார்கள்.
எனக்கு வாய்த்தது மோப்பம்.

பதின்மூன்றாம் நாள் பழையதை மாட்டினேன்.
ஒன்பது நிமிடம்.
கொட்டகைக்குப் போய்க் கட்டை எடுத்து வந்துவிடலாம்,
மிச்ச நேரத்தில்
எதுவும் செய்யாமல் இருக்கலாம்.
தயாரிப்பாளருக்குக் கடிதம் எழுத வேண்டும்:
பனி தாமதமாகும்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு
கடைவாசல் பார்சல் அலமாரிக்கு நடந்தேன்.
எண்ணை அடித்ததும் ஒரு கதவு திறந்தது.
உள்ளே வைத்துச் சாத்தினேன்.
டக்.

தெருவே கேட்கும்படி.